பழைய சைக்கிளா, புதிய சைக்கிளா? முதலில் அளவைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு வயது 43, உயரம் 157 செ.மீ. வீட்டிலிருந்து அலுவலகம் 6 கிலோமீட்டர் தூரம். ஒரு மேம்பாலத்தைத் தவிர வழியில் மேடு இல்லை. பள்ளி நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை என்றாலும், இனி தினமும் சைக்கிளிலேயே போய்வர விரும்புகிறேன். உடன் பணிபுரியும் தோழி, தன் கணவருடைய 21 கியர் சைக்கிளைப் புதியதன் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, ஆறு மாதம் ஓட்டிவிட்டு நிறுத்திவைத்த சைக்கிள் அது. அதே பணத்துக்குக் கடையில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள புத்தம்புது சைக்கிளே கிடைக்கிறது. "பழையதை வாங்குவது அடுத்தவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது" என்கிறான் என் தம்பி. தோழியிடம் வேண்டாம் என்று சொல்லவும் சங்கடமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சைக்கிள்களின் விலையும் வயதும் கியர் எண்ணிக்கையும் இருக்கின்றன. தோழியின் கணவர் எவ்வளவு உயரம் என்பது மட்டும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில், நீங்கள் நேரில் வந்திருந்தால் நான் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். தேய்ந்த செயினையும் வெடித்த டயரையும் மாற்றிவிடலாம், கோணிய சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடலாம், வேண்டுமானால் ஹேண்டில்பாரைக்கூட வேறாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஃப்ரேமின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ எந்தப் பட்டறையாலும் முடியாது. அவர் 175 செ.மீ. உயரமுள்ளவராக இருந்து, தன் உயரத்துக்குச் சரியாகப் பார்த்து வாங்கியிருந்தால், அந்தச் சைக்கிள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உங்களுக்கு உரியதாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு.

இதை அறிய ஐந்து நிமிடம் போதும். நீங்கள் அலுவலகத்துக்கு அணியும் காலணியையே அணிந்துகொண்டு, இருக்கைக்கு முன்னால், மேல் பாரின் இருபுறமும் காலை வைத்து நில்லுங்கள். இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்திருக்கும்போது உடலுக்கும் பாருக்கும் இடையில் மூன்று நான்கு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி நிற்க நேர்ந்தால் அதோடு அந்தச் சைக்கிளைப் பற்றிய யோசனையை விட்டுவிடலாம். இடைவெளி இருக்குமானால், அடுத்து இருக்கையில் அமர்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்படி நீண்டால், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். அதுவே சரியான இருக்கை உயரம். கடைசியாக, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முழங்கை இலேசாக மடங்குகிறதா என்று பாருங்கள். கை விறைத்து நீண்டு, தோள் முன்னால் இழுபட்டால், முதல் வாரத்தில் கழுத்தும் இரண்டாம் வாரத்தில் உள்ளங்கையும் வலிக்கத் தொடங்கும். மூன்றாம் வாரத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும். ஆறு மாதம் ஓட்டிவிட்டு நிறுத்தப்பட்ட சைக்கிள்களில் எத்தனையோ இப்படி அளவு பொருந்தாமல் நின்றவைதான் என்பது என் எண்ணம். உங்கள் உயரத்துக்கு ஏறத்தாழ 15 அல்லது 16 அங்குல ஃப்ரேம் பொருந்தும், 175 செ.மீ. உயரமுள்ளவர் 18 அங்குலத்துக்குக் குறையாமல் வாங்கியிருப்பார். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் இந்த எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, முடிவை உங்கள் காலிடமும் கையிடமும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பியின் அச்சத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மோட்டார் வண்டியைப் போலவே சைக்கிளும் பழையதானால் உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கும் என்று எண்ணுகிறார் போலும். ஆனால் சைக்கிளில் மூடி மறைத்த பகுதி மிகக் குறைவு. பார்க்கத் தெரிந்தவருக்கு ஏறக்குறைய எல்லாமே கண்முன் இருக்கிறது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன் 'ரோவர்' சைக்கிளில் செயினால் பின்சக்கரத்தை இயக்கிக் காட்டிய பிறகு, இந்த வாகனத்தின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. செயின் கண்ணிகளின் இடைவெளி நெடுங்காலமாகவே அரை அங்குலம்தான், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே பத்து ஆண்டுப் பழைய சைக்கிளுக்கும் பெரும்பாலான உதிரிபாகங்கள் இன்று கிடைக்கும். வயதைப் பார்த்துப் பழைய சைக்கிளை ஒதுக்க வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மாற்ற முடியாத பழுதுகளுக்கு, அவை சிலவே.

அவற்றில் முதலாவது ஃப்ரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கும். எதன்மீதாவது நேராக மோதிய சைக்கிளில் ஃபோர்க் பின்னால் தள்ளப்பட்டிருக்கும்; ஹேண்டில் குழாயை (ஃப்ரேமின் முன்முனையில் ஹேண்டிலின் தண்டு நுழையும் குழாய்) ஒட்டியுள்ள கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ நுண்ணிய விரிசல் விட்டோ இருக்கும். அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடுபள்ளம் விரலுக்குத் தப்பாது. குழாய்களை ஒட்டவைத்த இடங்கள் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். இரும்பு ஃப்ரேமில் சிறு வளைவை நிமிர்த்துகிற கைகாரர்கள் உண்டு. அலுமினியத்தில் வளைவோ விரிசலோ கண்டால் அதை நிமிர்க்கவும் ஒட்டவும் முயலாமல் கைவிடுவதே முறை. கார்பன் ஃபைபர் ஃப்ரேமில் பழுது மேலே தெரியாமல் உள்ளே இருக்கக்கூடும் என்பதால், முதன்முதலாகச் சைக்கிள் வாங்குகிறவர் அதைப் பழையதாக வாங்கவே வேண்டாம் என்பேன்.

ஃப்ரேம் கோணியிருக்கிறதா என்பதை அறிய நூல் ஒன்று போதும். பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலின் நுனியைக் கட்டி, அதை முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பி அச்சின் மறுமுனையில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாயின் இருபுறமும் நூலுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்தால், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை; ஐந்து மில்லிமீட்டர் என்றால் அந்த ஃப்ரேம் எப்போதோ அடிவாங்கியிருக்கிறது. விற்பவர் முன்னிலையில் நூலை எடுப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தன் சைக்கிளைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லாதவர் நூலின் மறுமுனையைப் பிடித்து உதவவே செய்வார்.

இரண்டாவது, இருக்கைக் கம்பம். இதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் நானும் பார்க்கவில்லை. தெரிந்தவரிடம் மலிவாகக் கிடைத்த இரும்பு ஃப்ரேம் சைக்கிள் ஒன்றை, சக்கரமும் செயினும் நன்றாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இருக்கையை நாலு விரற்கடை உயர்த்தலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினால், அலுமினியக் கம்பம் இரும்புக் குழாயோடு ஒன்றாகிப் போயிருந்தது. இருவேறு உலோகங்கள் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் அரிப்பு ஏற்பட்டு அப்படி இறுகிவிடும். எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், இருக்கையைப் பிடித்து இரண்டு பேர் திருகினோம், அசையவில்லை. கடைசியில் கம்பத்தை அறுத்துவிட்டு, உள்ளே தங்கிய பகுதியை இரம்பத் தகட்டால் கீறிக் கீறி எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கூலி வாங்கிக்கொண்டு செய்திருந்தால் சைக்கிளின் விலையைக் கூலி தாண்டியிருக்கும். ஆகவே காசைக் கையில் கொடுப்பதற்கு முன், இருக்கைக் கம்பமும் ஹேண்டிலின் தண்டும் தளர்த்தினால் நகர்கின்றனவா என்பதை உங்கள் கண்முன்னே விற்பவர் செய்துகாட்ட வேண்டும். நகர்த்தும்போதே, கம்பத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை எல்லாம் தேய்மானம். தேய்மானத்துக்கு விலை உண்டு, ஆகவே கணக்கும் உண்டு. செயினின் தேய்மானத்தைச் சாதாரண அளவுகோலால் அறியலாம். செயினை இறுக்கமாக வைத்து, கண்ணிகளைக் கோத்திருக்கும் ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தைப் பொருத்தி, 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஊசியின் நடுவரை அளந்தால், புதிய செயினில் 304.8 மில்லிமீட்டர் வரும். 306-ஐத் தாண்டினால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 308-ஐ நெருங்கினால் செயினோடு பின்னாலுள்ள பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் மேம்பாலத்தில் அழுத்தி மிதிக்கும்போது அது பல்லைத் தாண்டிக் குதிக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி அலைகிறதா என்று பாருங்கள். சிறிய அலைவு கோட்டம் எடுத்தால் போய்விடும், ஆனால் ரிம்மின் பக்கச்சுவர் பிரேக் உரசி உரசி உட்குழிந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஹேண்டில் குழாயில் 'டக் டக்' என்று தட்டினால் அங்கே பேரிங் தளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நேர்நிலையில் வந்து பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் பேரிங் உட்காரும் கப்பே குழிந்துவிட்டது என்று பொருள். பெடலைத் தாங்கும் கிராங்க் கைகளைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. இவ்வளவே.

தோழியின் சைக்கிளைப் பொறுத்தவரை தேய்மானம் பெரிய கவலையாக இருக்காது; ஆறு மாத ஓட்டத்தில் செயின் பெரிதாகத் தேய்ந்துவிடாது. அதன் நோய் வேறு. "அதிகம் ஓட்டவே இல்லை" என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் தொழிலில் அதைக் கேட்டால் சற்று யோசிப்போம். மூன்றரை ஆண்டு அசையாமல் நின்ற சைக்கிளில் காற்று இறங்கிய டயர், ரிம்முக்கும் தரைக்கும் இடையில் மடிந்து நசுங்கி, பக்கச்சுவரில் வெடித்திருக்கும். பேரிங்குகளில் உள்ள கிரீஸ் இறுகியிருக்கும். பிரேக் வயரும் கியர் வயரும் உறைக்குள்ளேயே துருப்பிடித்து, இழுத்தால் வந்து, விட்டால் திரும்பாமல் நிற்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவையே. டயர், டியூப், வயர், பிரேக் கட்டை ஆகியவற்றை மாற்றி, முழுமையாக ஓவராயில் செய்துவிட்டால் புதியதைப் போல ஓடும். ஆனால் அந்தச் செலவை விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். புதியதன் விலையை 100 என்று கொண்டால், அவர் கேட்பது 50. பட்டறையில் ஆகும் செலவு 25 என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 75 ஆகிறது. அப்போதும் உங்களுக்கு 25 மிச்சம். அதே செலவு 40 என்று பட்டறைக்காரர் சொன்னால், மீதிப் பத்துக்காக உத்தரவாதத்தை இழந்து பழையதை வாங்க நான் சொல்ல மாட்டேன். ஃப்ரேமுக்குத் தரும் நீண்டகால உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே செல்லும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். செலவு எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம். வாங்குவதற்கு முன் சைக்கிளை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி, பட்டறையில் காட்டி, எழுத்தில் ஒரு மதிப்பீடு பெறுங்கள். பார்ப்பதற்கு அவர் கூலி கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம்.

டயரின் பக்கத்தில் 37-622 என்பதைப் போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். பின்னது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 622, 559 ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. வேறு எண்ணாக இருந்தால், அந்த அளவு டயர் உங்களுக்கு எளிதில் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். '26 அங்குலம்', '28 அங்குலம்' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பிப் போனால், ஒரே பெயரில் இரண்டு மூன்று வெவ்வேறு அளவுகள் இருப்பதால், வாங்கிய டயரைத் திருப்பிக் கொடுக்க மறுபடி கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இப்போது கடையில் பார்த்த புத்தம்புது சைக்கிள். சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் குறிப்பிட்ட இரண்டில் நான் முதலில் நீக்குவது அதைத்தான். ஒரு நல்ல எளிய சைக்கிளின் பாதி விலைக்கு, அதைவிட இரண்டு மடங்கு பாகங்களைக் கொண்ட சைக்கிளை ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவழித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பர் என்பது எடை கூடிய ஒரு ஸ்பிரிங். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் அது அமுங்கி, சக்கரத்துக்குப் போக வேண்டிய வலுவில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். அதைத் தாங்கும் மூட்டுகளில் உள்ள புஷ்கள் எனும் சிறு வளையங்கள் சில காலத்திலேயே தளர்ந்து, சைக்கிளின் பின்பாதி இடவலமாக ஆடத் தொடங்கும்; அந்த அளவுக்குப் பொருந்தும் புஷ் உதிரியாகக் கிடைப்பதே அரிது. முன்பக்க ஷாக்கும் அதே வகை. மலிவான டிஸ்க் பிரேக்கின் தகடு சிறிது கோணினாலும் ஓயாமல் உரசிக்கொண்டே வரும், அதைச் சரிசெய்யப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். தார்ச்சாலையில் 6 கிலோமீட்டர் போவதற்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. சாலையின் அதிர்வைக் குறைக்க 40 மில்லிமீட்டர் அளவுள்ள டயரும், அதில் அளவான காற்றும் போதும். புதிது என்பதால் பழுதாகாது என்று தம்பி நினைக்கலாம். புதிதாக இருக்கும்போதே தரம் குறைந்த பேரிங், ஒரு மழைக்காலத்துக்குப் பின் நல்ல சைக்கிளின் ஐந்து ஆண்டுப் பேரிங்கைவிட மோசமாக இருப்பதை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

புதியதுதான் வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்தால், அந்தப் பணத்தில் ஷாக் இல்லாத, கியர் இல்லாத அல்லது ஏழு கியர் மட்டும் உள்ள, மட்கார்டும் கேரியரும் பொருத்தும் வசதியுள்ள எளிய சைக்கிளைத் தேடுங்கள். ஒரு மேம்பாலத்துக்கு 21 கியர் தேவையில்லை. அந்த 21-இல் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாகவே இருக்கும். இருபுறமும் கால் வைத்து ஏற எளிதாக, மேல் பார் தாழ்ந்து சரிந்த ஃப்ரேமாக இருந்தால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட்டுகிற உங்களுக்கு நம்பிக்கை தரும். புதிய சைக்கிளையும் கடையிலிருந்து எடுக்கும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும். பெட்டியில் வந்ததை அவசரத்தில் பூட்டியதால் ஃபோர்க் பின்முன்னாகத் திரும்பியிருந்த சைக்கிள்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. இடது பெடலின் மரை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். அதை அறியாமல் வலிந்து திருகிக் கிராங்கைக் கெடுப்பதும் நடக்கிற கதை. முதல் இருநூறு கிலோமீட்டருக்குள் வயர்களும் ஆரக்கம்பிகளும் தங்கள் இடத்தில் அமர்ந்து சற்றுத் தளரும். அது குறையல்ல, ஆனால் அந்த முதல் சர்வீஸைத் தவறவிட்டால் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து சக்கரம் கோணும்.

தோழியின் சைக்கிள் உங்களுக்குப் பொருந்தாமல் வேறு பழைய சைக்கிளைத் தேட நேர்ந்தால், விற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். பெடல் அச்சு பொருந்தியுள்ள குழாயின் அடியில், சைக்கிளைத் தலைகீழாக வைத்தால் தெரியும் இடத்தில், ஃப்ரேமின் எண் பெரும்பாலும் பொறித்திருக்கும். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே புதிதாகப் பெயின்ட் பூசப்பட்டிருந்தாலோ பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால் எண்ணைக் குறித்து விற்பவர் கையெழுத்திட்ட ஒரு தாளாவது பெற்றுக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் பழைய சைக்கிளை யாராவது காட்டினால், அதன் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதையும், சைக்கிளின் விலையில் கணிசமான பங்கு அந்தப் பேட்டரிக்கே என்பதையும் மனத்தில் வைத்து விலகுங்கள்.

ஆகவே இந்த வரிசையில் செயல்படுங்கள் என்று சொல்வேன். தோழியின் வீட்டுக்குப் போய் முதலில் பாரின் மேல் காலைப் போட்டு நின்று பாருங்கள். அளவு பொருந்தி, ஃப்ரேமும் இருக்கைக் கம்பமும் மேலே சொன்னபடி தேறினால், பட்டறை மதிப்பீட்டை விலையிலிருந்து கழித்துப் பேசி, தயங்காமல் அதையே வாங்குங்கள். பொருந்தவில்லை என்றால், உங்கள் அளவிலுள்ள வேறொரு பழைய சைக்கிளை, பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போய்த் தேடலாம். அப்படி உடன்வர யாரும் இல்லையென்றால், சற்றுக் கூடுதலாகப் பணம் சேர்த்து எளிய புதிய சைக்கிளை வாங்குங்கள். அதில் அடுத்தவர் செய்த பிழை இருக்காது, இருந்தாலும் கடைக்காரர் பொறுப்பேற்பார்.

தோழியிடம் எப்படி மறுப்பது என்ற சங்கடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சைக்கிளின் மேல் நீங்கள் ஏறி நிற்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் குதிகால் தரையைத் தொடவில்லை என்பதை அவரே பார்த்துவிடுவார்.